மூன்று லட்சம் பெயர்களும் முப்பது பேர் கொண்ட பக்கமும்

இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்), இரண்டாம் ஆண்டு மாணவி

எழுதக் கற்ற மனிதன் முதலில் எழுதிவைத்தவற்றுள் பட்டியலும் ஒன்று. யார் யாருக்கு எவ்வளவு நிலம், யார் எவ்வளவு வரி கட்டினார், கோயிலுக்கு யார் விளக்கு எரித்தார் என்பனவெல்லாம் பட்டியல்களே. இன்று அப்பட்டியல்கள் கணிப்பொறிக்குள் குடியேறிவிட்டன. பனையோலையில் அடங்காதவை எல்லாம் ஒரு விரல்நகம் அளவுள்ள சில்லில் அடங்கிவிடுகின்றன. ஆனால் அவற்றைப் பார்க்கும் மனிதக் கண் மட்டும் பழைய கண்ணாகவே இருக்கிறது. ஒரு நேரத்தில் இருபது முப்பது வரிகளுக்கு மேல் அதனால் வாசிக்க இயலாது. ஆகவே லட்சக்கணக்கான பெயர்களைச் சிறு சிறு பக்கங்களாகப் பிரித்துத் தரவேண்டியிருக்கிறது. இது மிக எளிய வேலை என்றே எவருக்கும் தோன்றும். அதில் மறைந்திருக்கும் சிக்கலையும், அதைத் தீர்க்கும் வழியையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் மாவட்டத்துப் பட்டியல்

நம் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. குடவோலைத் தேர்தல் முறையை அவை விரிவாகச் சொல்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகத் தனித்தனிக் கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வாயோலை பூட்டிக் குடத்தில் இட்டார்கள். எந்தக் கட்டு எந்தக் குடும்புக்கு உரியது என்பதைக் கட்டை அவிழ்க்காமலே வாயோலை காட்டிவிடும். பெரிய பட்டியலைப் பகுதிகளாக்கி, ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு இடவேண்டும் என்ற அறிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் இருந்திருக்கிறது.

இன்றைய வாக்காளர் பட்டியலும் அதே முறையில் அமைந்ததுதான். சட்டமன்றத் தொகுதி ஒவ்வொன்றும் பாகங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பாகம் ஒரு வாக்குச்சாவடிக்கு உரியது. பாகத்துக்குள் தெருக்கள் பிரிவுகளாகவும், தெருவுக்குள் வீடுகள் வரிசையாகவும் வரும். அச்சிட்ட பக்கத்தில் குறுக்கே மூன்று, நெடுக்கே பத்து என முப்பது பேர் இடம்பெறுவர். 2024 ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலின்போது தமிழ்நாட்டில் வாக்காளர் தொகை 6 கோடிக்கு மேல். இந்தியா முழுவதும் ஏறத்தாழ 97 கோடி. உலகிலேயே மிகப் பெரிய வாக்காளர் பட்டியல் இது. எனவே இதையே நம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பக்கம் எதற்கு?

ஒரு தொகுதியில் 3 லட்சம் பெயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அத்தனையையும் ஒரே மூச்சில் திரைக்கு அனுப்பினால் என்ன ஆகும்? தரவுத்தளம் மூன்று லட்சம் பதிவுகளையும் படிக்கவேண்டும். வழங்கி அவற்றை நினைவகத்தில் ஏந்தவேண்டும். கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ அவை பயணம் செய்யவேண்டும். கடைசியில் கைப்பேசி அவற்றைத் திரையில் வரையவேண்டும். இவ்வளவுக்கும் பிறகு பார்ப்பவர் முதல் பத்துப் பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடக்கூடும். அண்டா நிறையச் சோறு வடித்து ஒரு கவளம் உண்பது போன்றது இது. ஆகவேதான் முப்பது முப்பதாகப் பரிமாறும் வழக்கம் வந்தது.

எண்ணித் தள்ளும் முறை

1970 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த இ.எஃப். காட் என்பவர் உறவுநிலைத் தரவுத்தளக் கொள்கையை வெளியிட்டார். அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் 1974 இல் அதற்கு ஒரு வினவல் மொழியை அமைத்தார்கள். அதுவே இன்று நம் பாடத்திட்டத்தில் உள்ள எஸ்.கியூ.எல். ஆகும்.

காட் வகுத்த கொள்கையில் ஒரு முக்கியக் கருத்து உண்டு. அட்டவணையில் உள்ள பதிவுகளுக்கு இயல்பான முன்பின் கிடையாது. அவை பைக்குள் போட்ட புளியங்கொட்டைகளைப் போன்றவை. எது முதல், எது இரண்டாவது என்று நாம்தான் சொல்லவேண்டும். 'ஆர்டர் பை' என்ற தொடர் அதற்காகவே இருக்கிறது. அதைக் கூறாமல் பக்கம் கேட்டால், தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஒழுங்கில் தரலாம். அது தரவுத்தளத்தின் குற்றமன்று. ஒழுங்கைச் சொல்லாத நம் வினவலின் குற்றமே.

ஒழுங்கைச் சொன்ன பிறகு, பெரும்பாலான பாடநூல்கள் காட்டும் வழி இதுதான். 'லிமிட் 30' என்றால் முப்பது பதிவு போதும் என்று பொருள். 'ஆஃப்செட் 60' என்றால் முதல் அறுபதைத் தள்ளிவிடு என்று பொருள். இரண்டையும் சேர்த்தால் மூன்றாம் பக்கம் கிடைத்துவிடும். பக்க எண்ணில் ஒன்றைக் கழித்து முப்பதால் பெருக்கினால் ஆஃப்செட் வந்துவிடும். இதைவிட எளிய கணக்கு ஏது?

முதல் குறை: வீண் உழைப்பு

'தள்ளிவிடு' என்று சொல்வது நமக்கு எளிது. தரவுத்தளத்துக்கோ, தள்ளுவதற்கு முன் எண்ணியாகவேண்டும். ஆஃப்செட்டால் விடப்படும் பதிவுகளையும் வழங்கி கணக்கிட்டே தீரவேண்டும், ஆகவே பெரிய ஆஃப்செட் திறன் குன்றியதாகலாம் என்று போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் கையேடே எச்சரிக்கிறது.

நம் தொகுதியில் 3 லட்சம் பெயர்கள். பக்கத்துக்கு 30 எனில் 10,000 பக்கங்கள். முதல் பக்கத்துக்கு 30 பதிவுகளைத் தொட்டால் போதும். பத்தாயிரமாவது பக்கத்துக்கோ, 2,99,970 பதிவுகளை எண்ணித் தள்ளி, எஞ்சிய 30 ஐத் தரவேண்டும். ஒருவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினால் மொத்த உழைப்பு எவ்வளவு? பள்ளியில் படித்த கூட்டுத்தொடர் வாய்பாட்டையே இங்குப் பயன்படுத்தலாம். பக்க எண்ணிக்கையை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 5,00,05,000. அதை முப்பதால் பெருக்கினால் 150 கோடியே 1 லட்சத்து 50 ஆயிரம். மூன்று லட்சம் பெயரைப் படிக்க 150 கோடி முறை பதிவுகளைத் தொடவேண்டியிருக்கிறது! தேவைக்கு ஐயாயிரம் மடங்கு உழைப்பு இது.

இரண்டாம் குறை: விடுபடும் பெயர்

உழைப்பு வீணாவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வேகமான கணிப்பொறி வாங்கிக்கொள்ளலாம். இரண்டாம் குறை அவ்வாறு பொறுக்கத்தக்கதன்று.

நான் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்நேரத்தில் வேறொருவர் முதல் பக்கத்திலுள்ள ஒரு பெயரை நீக்கிவிடுகிறார். பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் ஓரிடம் முன்னே நகர்வர். முப்பத்தொன்றாவதாக இருந்தவர் முப்பதாம் இடத்துக்கு வந்துவிடுவார். நான் இரண்டாம் பக்கம் கேட்கிறேன். தரவுத்தளம் சொன்னபடி முதல் முப்பதைத் தள்ளுகிறது. தள்ளப்பட்டவர்களுள் அந்த முப்பத்தொன்றாமவரும் ஒருவர். முதல் பக்கத்தை நான் வாங்கியபோது அவர் அதில் இல்லை. இரண்டாம் பக்கம் வந்தபோதும் இல்லை. பட்டியலில் அவர் இருக்கிறார். ஆனால் முழுப் பட்டியலையும் பொறுமையாகப் படித்த என் கண்ணில் படவே இல்லை. இதற்கு மாறாக, முன்னால் ஒரு பெயர் புதிதாகச் சேர்ந்தால், முப்பதாமவர் இரண்டு பக்கத்திலும் தோன்றுவார்.

செய்தித் தலைப்புகளில் இப்படி நேர்ந்தால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் அது உதவித்தொகைப் பட்டியலாகவோ, வாக்காளர் பட்டியலாகவோ இருந்தால்? 'உன் பெயர் இல்லை' என்ற சொல்லைக் கேட்டு ஒருவர் திரும்பிப் போய்விடுவார். கணிப்பொறி எந்தப் பிழைச் செய்தியும் காட்டியிருக்காது. சத்தமில்லாமல் நேரும் பிழையே மிகக் கொடிய பிழை.

பட்டியலிலிருந்து பெயர் விடுபடுவது எத்தகைய இழப்பு என்பதை நம் நாடு தொடக்கத்திலேயே கண்டது. 1951-52 இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, வடநாட்டில் பல பெண்கள் தம் சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் தாய்', 'இன்னாரின் மனைவி' என்றே பதிவு செய்தனர். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் காலத்தில் அவ்வகைப் பதிவுகள் ஏறத்தாழ 28 லட்சம் நீக்கப்பட்டன. அங்கே பெயர்களை நீக்கியவர்கள் தெரிந்தே நீக்கினார்கள். பக்கம் புரட்டும்போது விடுபடும் பெயரை எவரும் தெரிந்து விடுவதில்லை. அதுதான் வேறுபாடு.

தறியில் உள்ள விடை

இதற்குத் தீர்வு என்ன? நம் ஊர்ப் பட்டுத்தறியைப் பார்த்தால் விளங்கும். சேலையின் கரையில் வேலைப்பாடு வருவதற்கு ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அட்டை ஒவ்வொன்றாக நகர நகர, வேலைப்பாடு வளரும். மாலையில் நெசவாளர் தறியை விட்டு எழுந்துவிட்டால், மறுநாள் காலையில் முதல் அட்டையிலிருந்து எண்ணிக்கொண்டு வருவதில்லை. நேற்று எந்த அட்டையில் நின்றதோ அதற்கு அடுத்ததிலிருந்து தொடங்குகிறார். நின்ற இடமே அடையாளம்.

தரவுத்தளத்திலும் இதைத்தான் செய்யவேண்டும். 'அறுபது பேரைத் தள்ளிவிட்டு முப்பது பேரைக் கொடு' என்று கேட்காமல், 'இன்னாருக்கு அடுத்து வரும் முப்பது பேரைக் கொடு' என்று கேட்கவேண்டும். கடைசியாகப் பார்த்த பெயரே நமக்கு அடையாளம். முன்னால் ஒருவர் நீக்கப்பட்டாலும், புதிதாக ஒருவர் சேர்ந்தாலும் அடையாளம் நகராது. அடையாளமாக நின்றவரே நீக்கப்பட்டால்கூடக் கவலையில்லை. 'இந்தப் பெயருக்குப் பின்' என்பது ஒரு மதிப்பைக் குறிக்கிறதே அன்றி, ஓர் இருக்கையைக் குறிக்கவில்லை. நாம் கடந்து வந்த பக்கங்களில் பிறகு சேர்ந்தவரை நாம் காணமாட்டோம் என்பது உண்மை. ஆயினும் தொடக்கம் முதல் இருந்த எவரும் விடுபடமாட்டார்.

இவ்வழி வேகமாகவும் இருப்பதற்குக் காரணம் சுட்டுவரிசை. நூலின் இறுதியில் சொல்லடைவு இருப்பதுபோல், தரவுத்தளம் பெயர்களை வரிசைப்படுத்தி ஒரு மரவடிவில் வைத்துக்கொள்கிறது. இதற்குப் 'பி-மரம்' என்று பெயர். பேயர், மெக்ரைட் என்னும் இருவர் போயிங் நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கி, 1972 இல் விரிவாக வெளியிட்டது இது. ஒவ்வொரு கணுவிலிருந்தும் 200 கிளைகள் பிரிவதாகக் கொண்டால், மூன்றே படியில் 80 லட்சம் பதிவுகளுள் எதையும் அடைந்துவிடலாம். ஆகவே அடையாளப் பெயரை அடைய மூன்று படி; அங்கிருந்து தொடர்ச்சியாக முப்பது பதிவு. முதல் பக்கமாயினும் பத்தாயிரமாவது பக்கமாயினும் உழைப்பு ஏறத்தாழ ஒன்றே. 150 கோடி இங்கே மூன்று லட்சத்தை ஒட்டிய அளவாகக் குறைந்துவிடுகிறது.

முருகன்கள் பலர்

ஆனால் இங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. பெயரை மட்டும் அடையாளமாகக் கொண்டால், நம் ஊரில் முருகன் எத்தனை பேர்! ஒரு பக்கம் ஒரு முருகனோடு முடிந்தால், 'முருகனுக்குப் பின்' என்று கேட்டதும் எஞ்சிய முருகன்கள் அனைவரும் விடுபடுவர். 'முருகனும் அவனுக்குப் பின்னும்' என்று கேட்டால், முன்பு வந்த முருகன்களே மீண்டும் வருவர். ஆகவே பெயரோடு, ஒருவருக்கு ஒன்றே உரிய எண்ணையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். வாக்காளர் அடையாள அட்டையில் மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண் அத்தகையது. 'பெயர் பின்னதாக இருக்கவேண்டும். பெயர் அதுவே ஆயின் எண் பின்னதாக இருக்கவேண்டும்' என்று கேட்டால் ஒருவரும் தப்பமாட்டார். சுட்டுவரிசையும் இதே இரண்டையும் இதே முறையில் கொண்டிருக்கவேண்டும்.

தமிழில் எழுதுவோர் மற்றொன்றையும் நினைவில் கொள்ளவேண்டும். நம் நெடுங்கணக்கில் மெய்யெழுத்து வரிசை னகரத்தோடு முடிகிறது. யூனிகோடு குறியீட்டில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. ஆகவே நம் அகரவரிசையில் கமலா முன், கனகா பின். குறியீட்டு எண் வரிசையில் கனகா முன், கமலா பின். அடுக்குவது ஒரு வரிசையிலும், 'இதற்குப் பின்' என்று ஒப்பிடுவது மற்றொரு வரிசையிலும் நடந்தால், கனகாவோ கமலாவோ நடுவழியில் காணாமற்போவாள்.

இம்முறையால் இயலாதவை

எம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. நின்ற இடத்திலிருந்து தொடரும் முறையில், 'நேரே 5,000 ஆவது பக்கத்துக்குப் போ' என்று கட்டளையிட இயலாது. மொத்தம் எத்தனை பக்கம் என்று சொல்லவும் தனியே எண்ணவேண்டும். பெரிய அட்டவணையில் அவ்வெண்ணிக்கையே நீண்ட வேலையாகும். அடுத்த பக்கம் இருக்கிறதா என்று மட்டும் அறியவேண்டுமாயின் ஓர் எளிய உத்தி உண்டு. முப்பதுக்குப் பதிலாக முப்பத்தொன்று கேட்கவேண்டும். முப்பத்தொன்றாவது வந்தால் அடுத்த பக்கம் உண்டு. அதைக் காட்டாமல் வைத்துக்கொள்ளலாம்.

உண்மையில் 5,000 ஆவது பக்கத்தை யார் கேட்பார்கள்? எலாஸ்டிக்சர்ச் என்னும் தேடல் மென்பொருள், வேறாக அமைக்காதவரை, எண்ணித் தள்ளும் முறையில் முதல் 10,000 விடைகளுக்கு அப்பால் செல்லவே விடுவதில்லை. அத்தனை ஆழத்தில் ஒருவர் தேடுகிறார் என்றால், அவருக்குத் தேவை பக்கமன்று, நல்ல பிரிவு. தொகுதி, பாகம், தெரு என்று சுருக்கிக்கொண்டு போனால் மூன்று லட்சம் ஓராயிரம் ஆகும். ஓராயிரம் ஐம்பது ஆகும்.

இதை எனக்கு விளக்கியவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு மூதாட்டி. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. 2002, 2005 ஆம் ஆண்டுகளின் பழைய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ மக்கள் தேடவேண்டியதாயிற்று. 2008 ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையில் பல தொகுதிகளின் எல்லை மாறியிருந்ததால் தேடல் மேலும் கடினமாயிற்று. எங்கள் தெருவில் கல்லூரிக்குச் செல்வோர் சிலரே. ஆகவே என்னிடம் வந்தவர்கள் பலர்.

"ஏம்மா, என் பேரு இருக்குதான்னு பாத்துச் சொல்லேன்" என்றார் அந்த மூதாட்டி.

"இருங்க ஆயா, பக்கத்தைத் தள்ளிக்கிட்டே வரேன். நெறைய இருக்கு" என்றேன்.

"எல்லாத்தையும் ஏம்மா பாக்குற? அப்போ நாங்க கோயில் பக்கத்துத் தெருவுல குடியிருந்தோம். வீட்டு நம்பர் பன்னெண்டு. அதைப் பாரு" என்றார்.

பார்த்தேன், பெயர் இருந்தது. அடுத்த வீட்டில் இருந்த தம் அக்காள் பெயரையும் அவரே சொல்லிக் கண்டுபிடிக்கச் செய்தார். அவருக்கு எழுதப்படிக்கத் தெரியாது. ஆனால் பட்டியல் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும். ஒழுங்கு தெரிந்தவருக்குப் பக்க எண் தேவையில்லை.

அச்சுப் பட்டியலின் அறிவு

அச்சிட்ட வாக்காளர் பட்டியலில் நாம் கற்கத்தக்க பண்பு ஒன்று உண்டு. பட்டியல் வெளியான பின் ஒருவர் இறந்தாலோ குடிபெயர்ந்தாலோ, அவர் இடத்தை அழித்துப் பின்னால் உள்ளோரை முன்னே நகர்த்துவதில்லை. அப்பதிவின்மேல் நீக்கப்பட்டது என்ற முத்திரை விழுகிறது. வரிசை எண் அப்படியே நிற்கிறது. புதிதாகச் சேர்வோர் துணைப்பட்டியலில் அடுத்த எண்களைப் பெற்று இறுதியில் வருகின்றனர். ஆகவே அடுத்த முழுப் பட்டியல் அச்சாகும் வரை 412 ஆம் எண்காரர் 412 ஆம் எண்காரரே. தரவுத்தளத்திலும் பதிவை உடனே அழித்துவிடாமல் 'நீக்கப்பட்டது' என்று குறித்துவைக்கும் வழக்கம் உண்டு. சரிபார்க்கும் வேலை நடக்கும்போது குறிப்பிட்ட நாளின் படியெடுத்து, அதைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பதும் அத்தகைய பாதுகாப்பே. அப்படியில் எவரும் நடுவில் நுழையவோ வெளியேறவோ இயலாது.

முடிவாக

இதுவரை கூறியவற்றைச் சுருக்கினால் நான்கு விதிகள் கிடைக்கும். ஒழுங்கைச் சொல்லாமல் பக்கம் கேட்காதே. அவ்வொழுங்கில் இருவர் ஓரிடத்தில் நிற்காதபடி தனியெண்ணைச் சேர். எண்ணித் தள்ளாதே, நின்ற இடத்திலிருந்து தொடர். ஆழமாகப் புரட்டவேண்டி வந்தால், பிரிவை நன்றாக அமை.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் அமர்ந்து இத்தகைய பட்டியல்களை ஆக்கப்போகிறோம். சோதனைக்கு ஐம்பது பெயர் இட்டுப் பார்க்கும்போது எம்முறையும் சரியாகவே வேலை செய்யும். மூன்று லட்சம் பெயர் வந்த பின், அதுவும் பலர் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருக்கும்போதுதான் குறை வெளிப்படும். அப்போது விடுபடுவது ஒரு வரிசை எண் அன்று, ஒரு மனிதர். தம் பெயர் ஏன் வரவில்லை என்று கேட்கும் வழி அவருக்குத் தெரியாமலிருக்கலாம். அவருக்காக அதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது, படித்த நம் கடமையாகும்.